நூற்றுக்கு இருபத்தைந்து

என் தாய்மாமன் வாயில் பாதி, கால், முக்கால் என்ற சொற்கள் வந்து நான் கேட்டதில்லை. குளிக்க வெந்நீர் விளாவச் சொன்னால்கூட, "நூத்துக்கு நாப்பது பச்சத்தண்ணி ஊத்து" என்பார். ஊரில் யாராவது எழுபத்தைந்து வயதில் செத்துப்போனால், துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பும் வழியில், "நூத்துக்கு எழுவத்தஞ்சு. மோசமில்ல, நல்ல மார்க்குதான்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டார். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முகம் கோணிக்கொள்ளும்.

பாப்பிரெட்டிப்பட்டியில் அவருக்குப் புளி மண்டி இருந்தது. சித்தேரி மலையிலிருந்து இறங்குகிற புளி, சுற்றுப்பட்டு ஊர்களின் புளி எல்லாம் அங்கே வந்து குவியும். ஓடு தட்டி, நார் இழுத்து, கொட்டை எடுத்து, மூட்டை பிடித்து சேலத்துக்கு லாரி ஏற்றுவார். என் அப்பா காய்ச்சலில் சீக்கிரமே போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா, அக்கா, நான் என்ற மூன்று பேரின் சோறு, துணி, நல்லது கெட்டது எல்லாம் மாமாவை நம்பித்தான் இருந்தன. அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளில் எனக்கு வேலை கிடைக்கும்வரை அப்படித்தான்.

ஆள் ஒல்லி. எப்போதும் வெளுத்த வேட்டி, முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட சட்டை. வெற்றிலை இல்லை, பீடி இல்லை, காபிகூட இல்லை. "காப்பிக்கு வருமானத்துல நூத்துக்கு ரெண்டு போவுது. வெறும் நாக்குக்கு எதுக்கு ரெண்டு?" என்பார். காகிதத்தில் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் மேலும் கீழும் ஓடும். கண்ணை ஒருமுறை மூடித் திறப்பார். விடை வந்துவிடும். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சுகம் தெரியும். பாயசத்தில் முந்திரி அகப்பட்டவன் முகம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவரைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். அவர் பொய் சொல்ல மாட்டார். மற்ற மண்டிகளில் தராசுத் தட்டில் விரல் வைப்பது, எடைக்கல்லில் வேலை செய்வது எல்லாம் உண்டு. இவரிடம் கிடையாது. ஒருமுறை மலையிலிருந்து புளி கொண்டுவந்த ஒருவருக்குச் சில்லறையில் முப்பது காசு குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று, அந்த ஆள் போன பிறகுதான் தெரிந்தது. வெயிலில் மலையடிவாரம் வரைக்கும் நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஊரே அதைப் பேசியது. மண்டிக்காரன் என்றால் இவரல்லவா மண்டிக்காரன் என்றார்கள்.

அந்த முப்பது காசுக்காக நடந்தவர், அதே ஆளின் புளி மூட்டையில் எதையெல்லாம் பிடித்தார் என்று யாரும் பேசவில்லை. ஈரத்துக்கு நூத்துக்கு அஞ்சு. ஓட்டுத் தூளுக்கு நூத்துக்கு மூணு. சாக்குக்கு நூத்துக்கு ரெண்டு. கோயில் மகமை ஒண்ணு. தரகு நாலு. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லித்தான் பிடிப்பார். ஒவ்வொன்றுக்கும் எதிரே நிற்கிறவன் தலையாட்டுவான். அஞ்சுதானே, மூணுதானே, ஒண்ணுதானே. தலையாட்டி முடிக்கும்போது மூட்டையில் நூற்றுக்குப் பதினைந்து போயிருக்கும். "சின்னச் சின்னதாச் சொல்லணும். மொத்தமாச் சொன்னா மனுசன் பயந்துக்குவான்" என்று அவரே என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அதைப் பெருமையாக எங்களிடம் வந்து சொன்னாள்.

தீபாவளிக்குத் துணி எடுக்க எங்களையும் தருமபுரிக்கு அழைத்துப் போவார். ஜவுளிக்கடை பாய் அவருக்குப் பழக்கம். நல்ல மனிதர், வாய் நிறைய "வாங்க வாங்க, உக்காருங்க" என்பார். மாமா வந்தால் மட்டும் ஒரு சின்ன எச்சரிக்கை முகத்தில் வந்துவிடும். ஒரு வருஷம் மாமா வீட்டுக்கும் எங்களுக்குமாகச் சேர்த்து இருநூறு ரூபாய்க்கு எடுத்தார். பாய் நூத்துக்குப் பத்து தள்ளுபடி சொன்னார். மாமா பேசிப் பேசி இன்னொரு பத்து கேட்டார். பாய் சலித்துப்போய், "சரிங்க, உங்களுக்காக இன்னொரு பத்து" என்று சொல்லி நூற்று அறுபத்திரண்டு ரூபாய்க்குப் பில் போட்டார்.

மாமாவின் கட்டைவிரல் ஒரு ஓட்டம் ஓடியது. "என்ன பாய், பத்தும் பத்தும் இருவதில்லையா? பத்தொம்பதுதான் வருது."

"ரெண்டாவது பத்து மிச்சத்துலதானேங்க வரும்? நூத்தி எம்பதுல பத்து பதினெட்டுங்களே."

"மிச்சத்துலன்னு நீங்க சொல்லவே இல்லையே. எதுலன்னு சொல்லாத நூத்துக்கு என்ன மரியாதை இருக்குது?"

பாய் சிரித்துவிட்டார். "உங்ககிட்ட யாவாரம் பண்றதுக்கு நான் கடைய மூடிட்டு ஊட்டுக்குப் போயிரலாம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு ரூபாயைக் குறைத்தார். வரும் வழியில் பஸ்ஸில் மாமா அந்த இரண்டு ரூபாயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். முதல் பத்து எதில், இரண்டாவது பத்து எதில் என்று எங்களுக்கு விளக்கினார். குறைப்பதும் ஏற்றுவதும் எந்தத் தொகையின் மேல் என்பதுதான் விஷயம், மற்றதெல்லாம் அலங்காரம் என்றார். அந்தக் கணக்கு அவருக்கு எவ்வளவு தண்ணீர்பட்ட பாடு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மழை பொய்த்த வருஷம் ஒன்று வந்தது. புளி உடைக்கிற பெண்களுக்கு ஒரு மணங்கு புளிக்கு ஒன்றேகால் ரூபாய் கூலி கொடுத்துவந்தார். மணங்கு என்றால் பன்னிரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஒருத்தி உட்கார்ந்து உடைத்தால் விரல்நுனி எல்லாம் வெந்துபோகிற அளவு. அந்தப் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. சொந்த அண்ணன் மண்டியில் கூலிக்குப் புளி உடைத்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து நார் இழுப்போம். பஞ்ச வருஷத்தில் மாமா கூலியில் நூத்துக்கு இருபது குறைத்தார். ஒரு ரூபாய் ஆயிற்று. அவர் குரல் கம்ம, "எனக்கும் கஷ்டந்தான் தாயிங்களே, அடுத்த மகசூல் நல்லா வந்தா கொறச்சதை அப்பிடியே ஏத்திடறேன்" என்றார்.

மறுவருஷம் புளி நன்றாகக் காய்த்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, "கொறச்ச இருவதை இன்னையில இருந்து ஏத்திட்டேன்" என்றார். பெண்கள் சந்தோஷத்தில் அவருக்கு ஆரத்தி எடுத்தார்கள். என் அம்மாதான் கற்பூரம் வாங்கி வந்தாள். வாரக் கடைசியில் கூலி வந்தபோது மணங்குக்கு ஒரு ரூபாய் இருபது காசு இருந்தது.

அவர்களில் கொஞ்சம் வாய்த்துடுக்கான ஒருத்தி, கையில் காசை வைத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள்.

"மொதலாளி, முந்தி ஒண்ணேகா ரூவா வாங்கினோமுங்க. இப்ப ஒண்ணு இருவதுதான் இருக்குது. அஞ்சு காசு எங்கீங்க?"

"போன வருசம் எத்தனை கொறச்சேன்?"

"நூத்துக்கு இருவதுன்னீங்க."

"இப்ப எத்தனை ஏத்தியிருக்கறேன்?"

"இருவதுங்க."

"அப்பறம் என்ன?"

அவள் கையில் இருந்த காசைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் காசைப் பார்த்தாள். அந்த ஐந்து காசு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்வதில் எங்கே தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. "அப்ப சரிதானுங்க" என்று சொல்லித் திரும்பினாள். தன் கண் எதிரே கையில் இருப்பதைத் தானே நம்பாமல் போனாள். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். நூற்றில் குறைத்த இருபதும் எண்பதில் ஏற்றிய இருபதும் ஒன்றாகாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவரே பஸ்ஸில் சொல்லித் தந்ததுதான். வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். கன்றிப்போகிற கிள்ளு. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்கண்ணன் கணக்குல ஒரு காசு தப்பாது" என்றாள்.

ஜவுளிக்கடையில் இரண்டு ரூபாய்க்காக அந்தப் பாடு பட்டவர் இதைத் தெரியாமல் செய்துவிட்டார் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயில் மண்ணைப் போடுவேன்.

அம்மாவின் பணத்துக்கு வருகிறேன். அப்பா செத்த பிறகு இருந்த இரண்டு ஏக்கர் புஞ்சையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. விற்றதில் மூவாயிரம் ரூபாய் வந்தது. ஊரில் அப்போது நூத்துக்கு இரண்டு வட்டி. மாசத்துக்கு. மூவாயிரத்தை நல்ல கையில் கொடுத்திருந்தால் மாசம் அறுபது ரூபாய் வீடு தேடி வந்திருக்கும். ஆனால் அம்மா அதை அண்ணனிடம் கொடுத்தாள். கூடப் பிறந்தவர்களுக்குள் வட்டி பேசுவது எங்கள் பக்கத்தில் கேவலம். வட்டி பேசினால் அது உறவு முறிந்ததற்குச் சமம். அதனால் மாமா ஒரு வழி சொன்னார். வட்டி வேண்டாம், பங்கு வைத்துக்கொள்ளலாம்.

"லாபத்துல உனக்கு நூத்துக்கு இருவத்தஞ்சு. கூடப் பொறந்தவளுக்கு இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன அண்ணன்?"

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொன்னாள். "ஊரு ஒலகத்துல நூத்துக்கு ரெண்டு குடுக்கறாங்க. எங்கண்ணன் எனக்கு நூத்துக்கு இருவத்தஞ்சு குடுக்குது." கேட்டவர்களும் வாயைப் பிளந்தார்கள். இரண்டு எங்கே, இருபத்தைந்து எங்கே! ஒன்று போட்ட முதலில் மாசாமாசம் வருவது, மற்றது வருஷத்துக்கு ஒருமுறை அவர் வாயால் லாபம் என்று சொல்கிற தொகையில் வருவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இருபத்தைந்து பெரிய எண், இரண்டு சின்ன எண். பொறாமைப்பட்டுக்கொண்டு போனார்கள்.

பங்குனியில் பங்கு பிரிப்பார். எங்கள் வீட்டுக்கே வருவார். வாழைப்பழம், பூ எல்லாம் வாங்கிக்கொண்டு வருவார். கொட்டகை வாடகை என்பார், கொட்டகை அவருடையதுதான். தன் உழைப்புக்குச் சம்பளம் என்பார். சேதாரம் என்பார், லாரி என்பார், சந்தை வசூல் என்பார். ஒவ்வொன்றையும் நூத்துக்கு இத்தனை என்று சொல்லிக் கழிப்பார். கடைசியில் லாபம் எண்ணூறோ அறுநூறோ நிற்கும். அதில் நூத்துக்கு இருபத்தைந்து, இருநூறு அல்லது நூற்றைம்பது. வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுப்பார். அம்மா கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வாள். வட்டிக்கு விட்டிருந்தால் வருஷம் எழுநூற்று இருபது ரூபாய். அம்மா புளி உடைத்துக்கொண்டே இருந்தாள்.

அக்காவுக்கு இருபது வயதானபோது அரூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் எழுத்தர். நன்றாகச் சிரிக்கிற மனிதர். பெண் பார்க்க வந்தபோது அக்கா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "புளி நாத்தமே இல்லையே, நான் பயந்துட்டு வந்தேன்" என்று கேலி செய்தார். அக்கா வெட்கப்பட்டு உள்ளே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர்கள் எட்டுப் பவுன் கேட்டார்கள். அன்றைய விலையில் மூவாயிரத்துக்குள் நகையும் போட்டுக் கல்யாணமும் செய்துவிடலாம். அம்மா மண்டிக்குப் போய் முதலைத் திருப்பிக் கேட்டாள். நானும் கூடப் போனேன்.

மாமா எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். கட்டைவிரல் கணுக்களில் ஏறி இறங்கியது.

"இந்த வருசம் கோடை மழையில புளி கறுத்துப் போச்சுன்னு உனக்கே தெரியும். எண்ணாயிரம் நட்டம். இங்க பாரும்மா, லாபத்துல நூத்துக்கு இருவத்தஞ்சு வாங்குனவ நட்டத்துலயும் இருவத்தஞ்சு வாங்கணும். அதுதான் பங்கு. எண்ணாயிரத்துல இருவத்தஞ்சு எத்தனை? ரெண்டாயிரம். மூவாயிரத்துல ரெண்டாயிரம் போனா ஆயிரம். உன் ஆயிரம் பத்திரமா இருக்குது."

"நட்டத்துல பங்குன்னு நீங்க சொல்லவேயில்லையே மாமா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "லாபத்துல பங்குன்னு சொன்னப்ப உங்கம்மா ஏன்னு கேட்டாளா கண்ணு? இல்லையே. சந்தோசமா வாங்கிக்கிட்டா. இப்ப மட்டும் கேக்கலாமா?"

அம்மா மோரைக் குடித்து முடித்தாள். டம்ளரை ஓரமாக வைத்தாள். "சரிண்ணா" என்றாள்.

ஆயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தார். அதற்கு மேல் தன் கையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து வைத்தார். "இது தாய்மாமன் சீரு. நூத்துக்குப் பத்து. யாரும் குடுக்க மாட்டான்" என்றார். அந்தப் பணத்தில் விருந்துச் செலவு போக நாலு பவுன் வரும். அரூர்காரர்கள் ஆறு பவுன் வரைக்கும் இறங்கினார்கள், அதற்குக் கீழே இறங்கவில்லை. அந்த எழுத்தர் அவருடைய அம்மாவிடம் என்ன பேசினாரோ தெரியாது. வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள்.

மாமாவே ஏரியூர் பக்கத்தில் ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயது. முதல் மனைவி செத்துப்போய், இரண்டு பிள்ளைகள். அம்மா தயங்கியபோது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. சாகும்வரை மறக்கப்போவதும் இல்லை. "கேட்டது எட்டு, இருக்கறது நாலு. நூத்துக்கு அம்பது நகைக்கு நூத்துக்கு அம்பது மாப்பிள்ளைதான் கெடைப்பான். கணக்குன்னா கணக்குதான்." அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. பின்கட்டுக்குப் போய் அன்றைக்கு உடைக்க வேண்டிய புளியை எடுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

கல்யாணத்தில் தாய்மாமன் செய்ய வேண்டியதை எல்லாம் அவர் குறைவில்லாமல் செய்தார். மாலை போட்டுக்கொண்டார். மேடையில் நின்றார். அடுத்த வருஷம் புளி விலை எகிறியது. அம்மாவின் பங்கு அதற்குள் முடிந்துபோயிருந்ததால் அந்த லாபத்தில் பேச்சுக்கு இடமில்லை. அவர் வீட்டுக்கு மாடி எடுத்தார். தன் ஒரே மகளுக்கு இருபத்தைந்து பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தார். அந்தக் கல்யாணத்துக்கு நூத்துக்கு இத்தனை என்று அவர் எதுவும் சொல்லவில்லை.

கடைசியில் பக்கவாதம் வந்து தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் அப்போது தருமபுரியில் தபால் ஆபீஸில் வேலையில் இருந்தேன். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வழி தெரியாது என்று மாலையில் போய் நிற்க வேண்டியிருந்தது. விருப்பத்தோடு போனேன் என்று சொல்ல மாட்டேன். வலது கை போய்விட்டது. கட்டைவிரல் விறைத்துக் கிடந்தது. டாக்டர் சின்ன வயது, தைரியம் சொல்வதற்காக, "நூத்துக்கு எழுபது குணமாயிடும் பெரியவரே" என்றார்.

மாமாவின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. எச்சில் வழிய வழியக் கேட்டார். "எழுவது... எதுல? நூறு பேருல எழுவது பேரா? என் ஒடம்புல எழுவதா?"

டாக்டர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மாமா என்னைப் பார்த்து மறுபடியும் "எதுல?" என்றார். அந்த ஒரு கேள்வியை எங்கள் ஊரில் யாரும் அவரிடம் கேட்காததால்தான் அவர் மண்டி நடந்தது. எனக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. கண்ணில் பயத்தோடு கிடந்தவரிடம் சொல்ல முடியவில்லை. எழுபதும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வாரமே போய்விட்டார்.

அவர் கருமாதிக்கு அக்கா ஏரியூரிலிருந்து தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். காரியம் முடிந்து எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தோம். அம்மா அழுது முகம் வீங்கியிருந்தது. "கணக்குத் தப்பாத மவராசன் போயிட்டானே" என்று மறுபடியும் ஆரம்பித்தாள். என்னால் தாங்க முடியவில்லை. தபால் ஆபீஸில் நாள் முழுக்க ஊரார் பணத்துக்கு வட்டி எழுதுகிறவள் நான். அன்றைக்கு அம்மாவின் பணத்துக்கு வட்டி சொன்னேன். மாசம் அறுபது. வருஷம் எழுநூற்று இருபது. பணம் அவரிடம் கிடந்த எட்டு வருஷத்துக்கு ஐயாயிரத்து எழுநூற்று அறுபது. முதல் மூவாயிரம் அப்படியே நிற்கும். அவர் வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்ததெல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐநூறு தேறாது.

"உன்ன ஏமாத்திட்டாரும்மா. நூத்துக்கு இருவத்தஞ்சுன்னு சொல்லி ஏமாத்திட்டாரு. இன்னும் அவருக்காக அழுவறியே" என்றேன்.

அம்மா அழுகையை நிறுத்தினாள். முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"யாருடி ஏமாந்தா? மாசம் அறுவது ரூவாங்கறது எனக்குத் தெரியாதா? மொத வருசம் இருநூறு ரூவா கொண்டாந்து குடுத்தப்பவே தெரியும். தெருவுல போறவளே மாசாமாசம் வட்டி வாங்கறா, எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா? கணக்குக் கேட்டவளுக்குப் பொறந்த வூடு ஏது? நான் செத்தா பொறந்த வூட்டுக் கோடி எவன் எடுத்துட்டு வருவான்? கோடிச் சேலை இல்லாம, நாதியத்தவளாட்டம் போகச் சொல்றியா? எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அதுக்குக் குடுத்ததுன்னு நெனச்சிக்கிட்டேன்." சொல்லிவிட்டு மறுபடியும் அழத் தொடங்கினாள். "இப்ப அவனே எனக்கு முன்னாடி போயிட்டான்."

அம்மாவைத் திட்டவும் தோன்றவில்லை, கட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தியிருந்தாள். கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் அம்மாவை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள், ஏமாந்துபோய்விட்டாள், அவள் என்ன செய்வாள் என்றுதான் என்னிடம் எப்போதும் சொல்வாள்.

"அப்ப தெரிஞ்சுதான் என்னை அனுப்புனியாம்மா?" என்றாள் அக்கா.

அம்மா முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அக்கா பின்னலை முடித்தாள். ரிப்பன் கட்டினாள். ஏரியூருக்கு மாற்றுப் பஸ் பிடிக்க வேண்டும், பென்னாகரத்தில் விட்டால் அப்புறம் வண்டி இல்லை என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள். அம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவள் சாப்பிடவில்லை.